மன்னார்க் கடலின் எரிவாயு யாருடைய அமானிதம்?

"மன்னாரில எண்ணெய் இருக்காமே, பிறகு எதுக்கு இந்த வரிசை?"

2022ஆம் ஆண்டு வாழைத்தோட்டத்திலும் ஆமர் வீதியிலும் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்றவர்கள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டவர் உம்மா. மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் கண்ணைக் கசக்கியபடி கேட்டார். வாப்பாவிடம் பதில் இருக்கவில்லை. அந்த மார்ச் மாதத்தில் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்தது. பிறகு வரிசைகள் கரைந்தன. உம்மாவின் கேள்வியும் வரிசையோடு சேர்ந்து கரைந்துவிட்டது. அது அப்படிக் கரைந்துபோகக் கூடாத கேள்வி என்பதே என் எண்ணம்.

நேரான பதில் இதுதான்: இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் பொருளும் அல்ல, நினைக்கும் இடத்திலும் இல்லை, நினைக்கும் வேகத்தில் வரவும் மாட்டாது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக், கிரெத்தேசியக் காலங்களில், பெருநிலம் ஒன்று பிளந்து விலகியபோது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டானது. அதில் கிலோமீற்றர் கணக்கில் மணலும் சேறும் படிந்தன. அதுதான் மன்னார்ப் படுகை. அதற்கு வடக்கே, பாக்கு நீரிணைக்குக் கீழே, தமிழ்நாட்டின் காவேரிப் படுகை நீண்டு வந்து நம் வட பகுதியையும் தொடுகிறது. நரிமணத்தில் இந்தியா எண்ணெய் எடுப்பது அந்தப் படுகையில்தான். ஆகவே நம் பக்கமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது பேராசையல்ல. 1970களின் நடுப்பகுதியில் சோவியத் நாட்டின் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டார்கள். பிறகு அமெரிக்க நிறுவனங்கள் கடலில் துளையிட்டன. இந்தியாவுடனான கடல் எல்லைக் கோடுகள் 1974, 1976 உடன்படிக்கைகளில் வரையப்பட்டது அந்தக் காலத்தில்தான். கச்சதீவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கோடுகளுக்குக் கீழே கிடப்பதை மறந்துவிடுகிறோம். அந்தக் கிணறுகள் எதிலும் வணிகத்துக்குப் போதுமானது கிடைக்கவில்லை.

2003இல் பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. 2008 ஜூலையில் இந்தியாவின் கெயான் நிறுவனத்தின் இலங்கைக் கிளையுடன் ஒப்பந்தம் ஆனது. 2011இல் அந்த நிறுவனம் சிக்யு என்ற ஜப்பானிய ஆய்வுக் கப்பலைக் கொண்டுவந்து துளையிட்டது. முதல் கிணற்றிலேயே எரிவாயு. அடுத்ததிலும் எரிவாயு. கிணறுகளுக்கு மீன்களின் பெயரை வைத்தார்கள்: டொராடோ, பரக்குடா. பரக்குடா என்றால் நாம் சந்தையில் வாங்கும் சீலாதான். பிறகு துளையிட்டவை வெறுங்கிணறுகள். 2014இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. கண்டுபிடித்த அளவு, அத்தனை ஆழத்தில் செலவு செய்து எடுக்கக் கட்டாது என்று கணக்குப் பார்த்து, 2015இல் நிறுவனம் வெளியேறியது. டொராடோ கிணறு இருக்கும் இடத்தில் கடலின் ஆழம் மட்டும் 1,350 மீற்றருக்கு மேல். கடல்தரையில் இருந்து அதைவிட ஆழமாகப் பாறைக்குள் போக வேண்டும்.

இன்னொரு தெளிவும் தேவை. அங்கே கிடைத்தது பெரும்பாலும் இயற்கை எரிவாயு, அதாவது மீதேன். நம் வீட்டுச் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயு. 2021 இறுதியில் அடுப்புகள் வெடித்த நாட்களில் இந்தக் கலவையின் விகிதத்தைத் தெருவில் எல்லோரும் பேசினார்களே, அது. மன்னார் வாயு நாளைக்கே கரைக்கு வந்தாலும் நேராக நம் சிலிண்டருக்குள் போகாது. அதன் முதல் வேலை மின்நிலையங்களில் டீசலுக்கும் உலை எண்ணெய்க்கும் பதிலாக எரிவதாகவே இருக்கும். அதுவும் சிறிய விடயமல்ல. நாம் எரிக்கும் எண்ணெய் முழுவதும் டொலர் கொடுத்து வாங்குவது.

இவ்வளவு நீண்ட கதையை அரசியல் மேடைகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. 2021இல் அப்போதைய எரிசக்தி அமைச்சர், மன்னார்ப் படுகையின் பெறுமதி 200 பில்லியன் டொலருக்கும் மேல், வெளிநாட்டுக் கடனைப் போலப் பல மடங்கு என்றார். அடுத்த ஆண்டே கப்பலில் வந்து நின்ற டீசலுக்குக் கொடுக்கக் காசில்லை. பாறைக்குள் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுவது ஒன்று, எடுக்கக்கூடியது இன்னொன்று, எடுத்தால் இலாபம் தருவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம், சீட்டுக் காசு விழுமுன் நகை வாங்கப் புறப்படும் ஆளிடம் எச்சரிக்கையாக இருப்பதுபோல எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மன்னார்க் கடல் இப்படியொரு ஆசையை ஏற்கனவே பார்த்த கடல். முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து குவிவார்கள். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் இளம் அதிகாரியாக அங்கே கடமை செய்தார். 1905இல் வரலாறு காணாத அறுவடை. அதைக் கண்டு 1906இல் லண்டனில் அமைந்த ஒரு கம்பனி முத்துச் சலாபத்தை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனியும் இல்லை. ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு மட்டும் இன்றும் கடல் அரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் எடுக்கவே வேண்டாமா? நான் அந்தக் கட்சியில் இல்லை. ஈச்சமரம் நட்டவன் பேரன் பழம் தின்பான் என்று காத்திருக்கும் வசதி கடன்பட்ட நாட்டுக்குக் கிடையாது. சூரியனும் காற்றும் எண்ணெயின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வரும் காலத்தில், இன்னும் 30 ஆண்டுகள் கழித்து அந்த வாயுவை யாரும் விலைக்குக் கேட்பார்களா என்பதும் நிச்சயமில்லை. எடுக்கலாம். என் கவலை, யாருடைய பொருளாக நினைத்து எடுக்கிறோம் என்பதில்தான்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஓர் அழகான முன்னுதாரணம் இருக்கிறது. நான் ஆலிமா அல்ல, இஸ்லாம் பாடத்தில் ஆசிரியை விளக்கியதை வைத்து எழுதுகிறேன். யெமனின் மஃரிபைச் சேர்ந்த அப்யழ் பின் ஹம்மால் (ரழி) அவர்கள் அங்கிருந்த உப்பளத்தைத் தனக்குத் தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்தார்கள். அவர் எழுந்து போன பிறகு, நீங்கள் கொடுத்தது என்னவென்று தெரியுமா, வற்றாத நீரைப் போன்ற ஒன்றையல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்று சபையில் இருந்த ஒருவர் சொன்னார். நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது. விபரம் தெரிந்ததும் ஒப்பந்தம் மாற்றப்பட்டது என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். சபையில் ஒருவர் எழுந்து விபரத்தைச் சொல்ல முடிந்தது, அது காதில் வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இதன் அடிப்படையில் இமாம்கள் கனிமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாடுபடாமலே வெளியே கிடைப்பவை, பாடுபட்டே எடுக்க வேண்டியவை. ஷாபிஈ மத்ஹபில் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜில் முதல் வகைக்கு உதாரணமாக 'நப்த்' என்று எண்ணெயின் பெயரே வருகிறது. அது எவருக்கும் தனிச் சொத்தாகாது. நம் மன்னார் வாயு உண்மையில் இரண்டாம் வகை. ஒன்றரைக் கிலோமீற்றர் கடலைத் தாண்டி, கோடிக்கணக்கான டொலரை வெறுங்கிணற்றில் இழக்கவும் துணிந்து எடுக்க வேண்டியது. ஆனால் அந்த வகையிலும், தோண்டி உழைத்ததால் மட்டும் அது தோண்டியவனுக்குச் சொந்தமாகிவிடாது என்பதே மின்ஹாஜ் எடுத்துக்கொள்ளும் கருத்து. உழைப்புக்கும் துணிவுக்கும் இலாபம் கொடுப்போம், நிறையவே கொடுப்போம். பொருள் நம் எல்லோருடையது.

பேச்சில் இதை எவரும் மறுக்க மாட்டார். ஒப்பந்தத்தின் 40ஆம் பக்கத்தில்தான் மறுப்பார்கள். கயானாவைப் பாருங்கள். நம்மைப்போலக் கிரிக்கெட் பைத்தியமுள்ள, நம்மைவிட மக்கள்தொகை குறைந்த நாடு. 2015இல் அதன் கடலில் எக்ஸொன்மொபில் பெரும் எண்ணெய்ப் படிவைக் கண்டது. 2016இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2017 டிசம்பர் வரை மக்களுக்குக் காட்டப்படவில்லை. காட்டியபோது தெரிந்தது: அரச உரிமைக் கட்டணம் 2 சதவீதம். மாதாமாதம் உற்பத்தியில் 75 சதவீதம் வரை கம்பனி தன் செலவுக்காக முதலில் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் பாதிதான் நாட்டுக்கு. கையெழுத்துக்காகக் கம்பனி கொடுத்த 18 மில்லியன் டொலரைப் பற்றியும் மக்கள் அப்போதுதான் அறிந்தார்கள். 2019 டிசம்பரில் எண்ணெய் வர ஆரம்பித்தது. நாடு இன்று வேகமாகப் பணக்காரனாகிறது என்பது உண்மை. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய சண்டை ஓயவில்லை என்பதும் உண்மை.

எதிர்ப்பக்க உதாரணம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. பங்களாதேஷில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் 1975 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஷெல் நிறுவனத்திடமிருந்து ஐந்து எரிவாயு வயல்களை 45 இலட்சம் பவுணுக்கு வாங்கினார். ஆறு நாள் கழித்து அவர் கொல்லப்பட்டார். வயல்கள் நாட்டுக்கு நிலைத்தன. பல ஆண்டுகள் அந்த நாட்டின் மின்சாரமும் உரமும் அந்த வாயுவில் ஓடின. ஆனால் மலிவாகக் கொடுத்து மலிவாக எரித்ததில், புதிய வயல் தேடுவதைப் பின்போட்டதில், 2018இலிருந்து அவர்களும் கப்பலில் வாயு வாங்குகிறார்கள். சொந்தமாக வைத்திருப்பது பாதி வேலைதான்.

நமக்கும் இந்த விடயத்தில் பழைய அனுபவம் உண்டு. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் நிறுவனங்களின் வியாபாரத்தைக் கையில் எடுத்தபோது, 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965இல் நட்டஈட்டுக்கு உடன்பட்டோம். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை செய்யலாம். ஆனால் கூட்டுத்தாபனத்தின் பிற்காலக் கடன் கணக்கைப் பார்க்கிறவர், அரசின் கையில் இருந்தாலே அமானிதம் காக்கப்பட்டுவிடும் என்று சொல்ல மாட்டார்.

நோர்வேயைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1969இல் எண்ணெய் கண்டது, 1990இல் சட்டம் போட்டு, 1996 முதல் வருமானத்தை ஒரு நிதியத்தில் சேர்த்தது, இன்று அந்த நிதியம் 1.5 டிரில்லியன் டொலருக்கும் மேல். எல்லோரும் சொல்லாத ஒரு பகுதி என்னை அதிகம் கவர்ந்தது. பாரூக் அல்காசிம் பஸ்ராவைச் சேர்ந்த ஓர் ஈராக்கியர், லண்டனில் படித்த புவியியலாளர், ஈராக் பெற்றோலியக் கம்பனியில் நல்ல பதவியில் இருந்தவர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகனின் சிகிச்சைக்காக 1968இல் மனைவியின் நாடான நோர்வேக்கு வந்தார். வேலை இல்லை. மனைவியின் ஊருக்குப் போகும் ரயிலுக்கு நேரம் இருந்ததால், நாட்டில் என்னென்ன எண்ணெய்க் கம்பனிகள் இருக்கின்றன என்று கேட்டுத் தொழில் அமைச்சுக்குள் நுழைந்தார். அங்கே கடலில் துளையிட்ட முடிவுகள் குவிந்திருந்தன, படித்துப் பொருள் சொல்ல ஆள் போதாது. வாசித்துப் பார்த்த அவர், இந்தக் கடலில் பெரிதாக ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த ஆண்டு எக்கொபிஸ்க் வயல் கிடைத்தது. கம்பனிகள் கண்காணிக்கப்பட வேண்டும், நாட்டுக்குச் சொந்த அறிவு வேண்டும் என்று நோர்வே அமைத்துக்கொண்ட ஒழுங்கில் அவருடைய கை இருக்கிறது.

தன் மண்ணின் எண்ணெயைப் பற்றிப் படித்த ஒரு முஸ்லிம், தன் மண்ணுக்குப் பயன்படாமல் இன்னொரு நாட்டைக் காப்பாற்றினார் என்பது எனக்குக் கசப்பான செய்திதான். ஆனாலும் அதில் தெரிவது தெளிவானது: துளையிட்ட தரவைத் தானே வாசிக்கத் தெரியாத நாடு, கம்பனி வாசித்துச் சொல்வதை நம்பித்தான் கையெழுத்திட வேண்டும். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்து வாசிக்கப் போவது யார்?

இங்கே பெற்றோருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது, மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் இருக்கிறது. உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் நான் இந்தப் பெயர்களை வீட்டில் சொன்னபோது வந்த முதல் கேள்வி, "காட்டிலும் கடலிலும் அலையிற வேலைக்குப் பொம்புளப் பிள்ளையா?" என்பதுதான். வாப்பாவின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. இந்தத் துறையில் பெரும்பகுதி வேலை கணினியின் முன்னால், நில அதிர்வுப் படங்களை வாசிப்பது என்று சொன்னேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். டொக்டர், எக்கவுண்டன்ட், டீச்சர் என்ற மூன்று கதவுகளுக்கு முன்னால் மட்டும் நம் பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டு, நாட்டின் வளத்தை வெளிநாட்டுக்காரன் கொண்டுபோகிறான் என்று பெருமூச்சு விடுவதில் நியாயம் இல்லை. ஒப்பந்தத்தை வாசிக்கும் சட்டத்தரணிகளும் இதே கணக்கில் வருவார்கள். நீதிமன்றங்களைப் பார்த்தபடி வளரும் புதுக்கடைப் பிள்ளைகளுக்கு அந்த வழியை நான் காட்ட வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசின் ஒப்பந்தத்தைக் கேட்டு விண்ணப்பிக்கும் வழியைச் சாதாரணப் பிரஜைக்கும் திறந்திருக்கிறது.

கடைசியாக, அந்தக் கடலின் கரையில் இருப்பவர்கள். கொழும்பில் இருந்து பார்த்தால் மன்னார் ஒரு வரைபடத் துண்டு. எங்கள் வகுப்பில் எருக்கலம்பிட்டியைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு அப்படியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. திரும்பிப் போனவர்கள் காணிக்கும் வலைக்கும் இன்னும் போராடுகிறார்கள். பேசாலையின் கத்தோலிக்க மீனவர்களுக்கும் போரின் காலத்தில் கடல் பூட்டப்பட்டிருந்தது. இழுவைப் படகுகளால் அரைகுறையாகிப்போன அந்தக் கடலில், நாளை பாதுகாப்பு வலயம் என்று இன்னொரு கோடு போட்டால், நட்டஈடு யாருக்கு, எந்தக் கணக்கில்? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கியபோது நீர்கொழும்பு மீனவர்கள் எத்தனை மாதம் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தார்கள், கரை முழுக்க அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள் எப்படிக் கிடந்தன என்று நாம் கண்ணால் பார்த்தோம். அது ஒரு கப்பல் மட்டுமே. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் வெடித்த ஆழ்கடல் கிணற்றை அடைக்க, எல்லா வசதியும் உள்ள அமெரிக்காவுக்கே 87 நாட்கள் எடுத்தது.

2017இல் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலில் விவசாயிகளும் பெண்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எரிவாயுத் திட்டத்தை நிறுத்தினார்கள். 2020இல் காவேரிக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட வேளாண் வலயமானது. மன்னாரில் இன்னொரு நெடுவாசல் வருவதை நான் விரும்பவில்லை. தெருவுக்கு வருமுன் மேசைக்குக் கூப்பிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வருமானத்தில் மன்னாருக்கென்று ஒரு பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மீன்பிடிக்கு ஏற்படும் நட்டத்தைக் கணக்கிடும் முறை, துளையிடுமுன் அச்சில் வர வேண்டும்.

அதற்கு ஒரு வாசல் ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. இப்படியான பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். 30 நாட்கள் தருவார்கள். உம்மா தன் கேள்வியை அப்போது அங்கே கேட்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.